வீட்ல உக்காந்து எழுதுறவங்களுக்கு: எது மக்கர் பண்ணுதோ அங்கேருந்து ஆரம்பிங்க

ஃப்ரீலான்ஸா எழுத ஆரம்பிச்சு வருஷக்கணக்காச்சு, இதுக்குள்ள எழுதுற இடத்த ஆறேழு தடவ மாத்திட்டேன். படுக்கையறை மூலை, ஹால், மாடிப்படிக்குக் கீழ ஒரு இடுக்கு, இப்ப தனியா ஒரு சின்ன ரூம். எங்க மாத்தினாலும் அதே பிரச்சினைங்கதான் சுத்திச் சுத்தி வருது, புதுசா இந்த வேலைக்கு வர்ற நண்பர்கள் போன் பண்ணிக் கேக்குறதும் அதேதான். போன்ல சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆயிடுச்சு, அதத்தான் எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு என்ன பிரச்சினையோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. காசு செலவில்லாத காரணம் மொதல்ல இருக்கும், செலவு வைக்கிறது கடைசில இருக்கும், அந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. இன்னொண்ணு, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. நாற்காலி, மேசை, லைட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா, வலி போச்சுன்னா எதனால போச்சுன்னு தெரியாது, போகலன்னா எதத் திருப்பி வைக்கிறதுன்னும் தெரியாது. மாத்திட்டு ரெண்டு மூணு நாள் வேலை செஞ்சு பாருங்க, அப்புறம் அடுத்ததுக்குப் போங்க.

## கழுத்து வலிக்குது, தோள்பட்டை கல்லு மாதிரி இறுகிப் போகுது

என்கிட்ட வர்ற போன்ல பாதி இதுக்குத்தான். மொதல்ல வீட்ல யார்கிட்டயாவது சொல்லி நீங்க எழுதிட்டு இருக்கும்போது பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. உக்காந்த உடனே எடுத்தா எல்லாரும் நிமிந்துதான் இருப்போம், ரெண்டாவது மணி நேரத்துல, நீங்க எழுத்துல முங்கி இருக்கும்போது, சொல்லாம எடுக்கணும். என் போட்டோவ நான் பாத்தப்போ காது தோளுக்கு ஒரு சாண் முன்னாடி தொங்கிட்டு இருந்துச்சு, நாடி கிட்டத்தட்ட நெஞ்சத் தொடுது. அந்த ஒரு போட்டோல காரணம் பாதி தெரிஞ்சுபோச்சு.

தலை குனிஞ்சிருந்தா: ஸ்க்ரீன் தாழ்வா இருக்கு. லேப்டாப்புக்குக் கீழ கெட்டியான நாலு புத்தகம் அடுக்குங்க. ஸ்க்ரீனோட மேல் விளிம்பு உங்க கண் மட்டத்துக்கு, இல்ல அதுக்குக் கொஞ்சம் கீழ வரணும். தூரம் எவ்ளோன்னா, சாஞ்சு உக்காந்து கைய நீட்டினா விரல் நுனி ஸ்க்ரீனத் தொடுற அளவு, சுமாரா 50லேருந்து 70 செ.மீ. கிட்டப்பார்வை தூரப்பார்வை ரெண்டும் ஒரே கண்ணாடில போட்டவங்களுக்கு மட்டும் இது வேற, அவங்க கீழ் பாகம் வழியாப் பாக்கணும்னு தலைய பின்னாடி சாய்ப்பாங்க, அதனால அவங்களுக்கு ஸ்க்ரீன் இன்னும் கீழயே இருக்கட்டும்.

ஸ்க்ரீன ஒசத்தினதும் தோள் ஏறிக்குச்சுன்னா: லேப்டாப்புல இதுதான் சிக்கல், ஸ்க்ரீனும் கீபோர்டும் ஒட்டிப் பொறந்தது, ஒண்ணு கண்ணுக்கு சரியா இருந்தா இன்னொண்ணு கைக்கு சரியா இருக்காது. தனி கீபோர்டும் மவுஸும் வாங்கிடுங்க. வீட்ல எழுதுறவங்க மொதல்ல காசு போட வேண்டியது இதுலதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், நாற்காலியெல்லாம் அப்புறம்.

தனி கீபோர்டு இருந்தும் தோள் ஏறியே இருந்தா: மேசை உங்களுக்கு ஒசரம். சாதாரணமா மேசைங்க 72லேருந்து 76 செ.மீ ஒசரத்துல வருது, கொஞ்சம் குள்ளமானவங்களுக்கு அது அதிகம். மேசைக் கால அறுக்க வேண்டாம், நாற்காலிய ஏத்துங்க, தட்டச்சு பண்ணும்போது முழங்கை விலாவோட ஒட்டி 90 டிகிரி இல்ல சித்த விரிஞ்சு வந்தா போதும். நாற்காலி ஏறினதும் கால் தொங்கும், பாதத்துக்குக் கீழ ஒரு பலகையோ கெட்டியான பெட்டியோ போடுங்க. இந்தப் பலகைய எல்லாரும் விட்டுடுறாங்க, கால் தொங்கினா தொடையோட அடிப்பக்கம் அழுந்தி கொஞ்ச நேரத்துலயே நாற்காலி நுனிக்கு நகந்துடுவோம், பழையபடி கூன் விழுந்துடும்.

ஒரு பக்கம் மட்டும் வலிச்சா: பேட்டி எடுக்கும்போது போன காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு டைப் பண்றீங்களான்னு பாருங்க. அப்படின்னா இயர்போன் மாட்டுங்க. இல்லன்னா ரெண்டாவது மானிட்டர் பக்கவாட்டுல இருக்கான்னு பாருங்க, எத அதிகம் பாக்குறீங்களோ அது மூக்குக்கு நேரா இருக்கணும்.

டாக்டர்கிட்ட எப்ப: வலி கழுத்துலேருந்து கைக்கு எறங்கினா, கை மரத்துப் போனா, பிடிச்ச பொருள் நழுவினா, எல்லாத்தையும் சரி பண்ணி ரெண்டு மூணு வாரமாகியும் குறையலன்னா.

## இடுப்பு புடிக்குது

மொதல்ல பின் பாக்கெட்ட காலி பண்ணுங்க. பர்ஸ் மேல உக்காந்தா ஒரு பக்கம் ஒசந்து இடுப்பு கோணிக்கும். அடுத்து ஒரு துண்ட உருட்டி கீழ் முதுகு வளையுற எடத்துல வைங்க, அது சுகமா இருந்தா உங்க நாற்காலிக்குக் குறை அங்கதான். அப்புறம் சீட்டோட நீளம். முதுகு சாஞ்சிருக்கும்போது சீட்டு நுனிக்கும் முட்டிக்குப் பின்னாடிக்கும் ரெண்டு மூணு விரல் இடைவெளி வேணும், சீட்டு நீளமா இருந்தா முதுகு சாயவே சாயாது, பின்னாடி ஒரு மெத்தைய சொருகினா சரியாகும்.

இதெல்லாம் பண்ணியும் மதியத்துக்கு மேல வலி வருதுன்னா நீங்க எந்திரிக்கிறதே இல்லன்னு அர்த்தம். அரை மணிக்கு ஒருதரம் எந்திரிச்சு நாலடி நடங்க, நான் எழுதினத நின்னுக்கிட்டே வாய்விட்டு வாசிப்பேன், முதுகுக்கும் நல்லது, எங்க வாக்கியம் தடுக்குதுன்னும் தெரிஞ்சிடும். இவ்ளோவும் தாண்டித்தான் புது நாற்காலி. வாங்குறப்போ அதுல ஒரு அரை மணி உக்காந்து பாக்காம வாங்காதீங்க.

வலி முட்டிக்குக் கீழ வரைக்கும் எறங்கினாலோ கால் பலமில்லாம போனாலோ டாக்டரப் பாருங்க. தொடை இடுக்குல உணர்ச்சி இல்ல, ஒண்ணுக்கு வர்றது கட்டுப்படல, இப்படி ஏதாவது இருந்தா காத்திருக்கவே கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

## விரல் மரத்துப் போகுது

எந்த விரல்னு பாருங்க, அதுலயே காரணம் இருக்கு.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்: மணிக்கட்டுல நரம்பு அழுந்துது. கீபோர்டுக்குப் பின்னாடி இருக்குற ரெண்டு சின்னக் கால மடக்கிடுங்க, அது மணிக்கட்ட மேல்நோக்கி வளைக்குது. மவுஸ் கீபோர்டுக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். ராத்திரி தூக்கத்துல மரத்து எழுப்பி விடுதுன்னா டாக்டரப் பாத்துடுங்க, தள்ளிப் போட்டா நாளைக்கு சரியாக நாள் பிடிக்கும்.

சுண்டுவிரல், மோதிரவிரல்: முழங்கைய மேசை விளிம்புலயோ நாற்காலிக் கை மேலயோ ஊணி வைக்கிறீங்க. ஒரு துணி மடிச்சுப் போடுங்க, ஊணுறத குறைங்க. நிக்கலன்னா இதுக்கும் டாக்டர்தான்.

## கண்ணு எரியுது, சாயங்காலம் தலைவலி

ஜன்னல் எங்க இருக்குன்னு பாருங்க. முதுகுக்குப் பின்னாடின்னா ஸ்க்ரீன்ல வெளிச்சம் அடிக்கும், ஸ்க்ரீனுக்குப் பின்னாடின்னா கண்ணு கூசும், பக்கவாட்டுல இருக்கணும், அதுக்கு மேசைய 90 டிகிரி திருப்பினா போதும். அடுத்து ஃபேனோ ஏசியோ முகத்துல நேரா அடிக்குதான்னு பாருங்க, ஸ்க்ரீனப் பாக்கும்போது நாம கண் சிமிட்டுறது ரொம்பக் குறைஞ்சிடும், அதுல காத்தும் அடிச்சா கண்ணு காஞ்சுதான் போகும்.

ராத்திரில ஸ்க்ரீன் மட்டும் எரிய, ரூம் இருட்டா வச்சு எழுதாதீங்க. ஒரு வெள்ளத்தாள ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல புடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமா தெரியணும், ஸ்க்ரீன் விளக்கு மாதிரி எரிஞ்சா பிரைட்னஸ குறைங்க. எழுத்து அளவ பெருசாக்கத் தயங்காதீங்க, எழுதும்போது 150 சதவீதத்துல வச்சுக்கிட்டா யாரும் கேக்கப் போறதில்ல. 20 நிமிஷத்துக்கு ஒருதரம் 20 அடி தூரத்துல எதையாவது 20 விநாடி பாருங்க, பழசுதான், ஆனா உதவுது.

இத்தனைக்கப்புறமும் தலைவலி நிக்கலன்னா கண் பரிசோதனை. பவர் மாறியிருக்கலாம். திடீர்னு பார்வை மங்கினாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ அன்னைக்கே கண் டாக்டர்.

## நெட்டு விட்டு விட்டு வருது

இங்க ஒரே கேள்விதான் எல்லாத்தையும் பிரிக்கும்: வீடு முழுக்கப் போகுதா, உங்க மேசையில மட்டும் போகுதா? லேப்டாப்ப தூக்கிட்டு ரூட்டர் பக்கத்துல போய் நில்லுங்க, அங்கயும் ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடுங்க.

ரூட்டர்கிட்ட நல்லா வருது, மேசையில வரல:
லைன் நல்லாத்தான் இருக்கு, வைஃபைதான் எட்டல. ரூட்டர் டிவிக்குப் பின்னாடி, அலமாரிக்குள்ள, தரையில இருந்தா வெளிய எடுத்து ஒசரத்துல வைங்க. அடுத்து எந்த பேண்டுல, அதாவது எந்த வைஃபை அலைவரிசைல, இருக்கீங்கன்னு பாருங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா ரெண்டு சுவரத் தாண்டினா சோந்துடும், 2.4 தூரம் போகும், ஆனா நெரிசல் ஜாஸ்தி. மைக்ரோவேவ் ஓடுற நேரத்துல மட்டும் நெட்டு சாகுதுன்னா நீங்க 2.4ல இருக்கீங்க, அந்த அடுப்பும் அதே அலைவரிசைலதான் வேலை செய்யுது. அக்கம்பக்கத்து வைஃபை ஏகப்பட்டது தெரியுதுன்னா ரூட்டர் செட்டிங்ல 2.4க்கு சேனல் 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணுக்கு மாத்திப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்குறது இந்த மூணுதான்.

இதுலயும் சரியாகலன்னா ரூட்டர்லேருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுங்க. கேட் 5ஈங்கற ரக கேபிளே 100 மீட்டர் வரைக்கும் ஒரு கிகாபிட் தாங்கும், எந்த வீட்டுக்கும் அது போதும். வைஃபைய வாங்கி இன்னும் தூரம் அனுப்புற எக்ஸ்டெண்டர் வாங்குறவங்க அத நெட்டு வராத ரூம்லயே கொண்டு வைக்கிறாங்க, அங்க சிக்னலே இல்லாதப்போ அது எத எடுத்துக் குடுக்கும், பாதி வழில வைக்கணும். ரெண்டு மூணு பெட்டி சேந்து வீடு முழுக்க வைஃபை குடுக்குற மெஷ் செட்டு கடைசி.

வீடு முழுக்க போகுது:
ஃபைபர் பெட்டில, அதாவது நெட்ட ஒளியா கொண்டு வர்ற ஒயர் வந்து சேர்ற பெட்டில, எல்ஓஎஸ்னு போட்ட லைட்டு செவப்பா எரியுதா? எரிஞ்சா வெளிச்சமே உள்ள வரலன்னு அர்த்தம். மெல்லிசான அந்த ஒயர் எங்கயாவது மடங்கியிருக்கான்னு மட்டும் பாருங்க, கழட்டி அதோட நுனிய கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீங்க, உள்ள வர்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணக் கெடுக்கும். மடிப்பு இல்லன்னா உங்களால செய்ய ஒண்ணுமில்ல, நெட் கம்பெனிய கூப்பிடுங்க. செவப்பு இல்லன்னா ஃபைபர் பெட்டி, ரூட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணி அரை நிமிஷம் விடுங்க, ஃபைபர் பெட்டிய மொதல்ல போடுங்க, அது நெலைக்கு வந்ததும் ரூட்டரப் போடுங்க.

ஸ்பீடு நல்லா காட்டுது, வீடியோ கால் மட்டும் உடையுது:
இத கண்டுபிடிக்கத்தான் எனக்கு மாசக்கணக்காச்சு. ஒவ்வொரு எடிட்டர் காலும் "கேக்குதா, கேக்குதா"ன்னே போகும், டெஸ்ட் போட்டா நல்ல ஸ்பீடு. கடைசில பாத்தா வீட்ல இன்னொருத்தர் போன் அந்த நேரத்துல போட்டோவெல்லாம் க்ளவுடுக்கு ஏத்திட்டு இருந்துச்சு, அப்லோட் பாதை அடைச்சுக்கிச்சு. சோதிக்கிறது ஈஸி, பிங், அதாவது தகவல் போய்த் திரும்பி வர்ற நேரம், சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்ட் காட்டுறது, ஏதாவது அப்லோட் ஓடும்போது 300, 400னு எகிறினா இதேதான். பேக்கப்ப ராத்திரிக்கு மாத்துங்க, உங்க க்ளவுட் ஃபோல்டரயும் வீடியோ கால் நேரத்துல நிறுத்தி வைங்க.

கம்பெனிய கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்க: எந்தத் தேதி, எத்தன மணிக்குப் போச்சு, எந்த லைட்டு எப்படி எரிஞ்சுது, கேபிள்ல போட்ட டெஸ்ட் என்ன காட்டுச்சு. இத வாசிச்சுக் காட்டினா "ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ங்கறத தாண்டி ஆள் அனுப்புற பேச்சுக்கு சீக்கிரம் வருவாங்க. போன் ஹாட்ஸ்பாட்ட லேப்டாப்புல ஒருதரம் இணைச்சு பாஸ்வேர்ட சேவ் பண்ணி வைங்க, டெட்லைன் அன்னைக்குத் தேடிட்டு இருக்காதீங்க.

## கரண்ட் போனா வேலையும் போகுது

லேப்டாப்புல பேட்டரி இருக்கு, நின்னு போறது ரூட்டர்தான். ரூட்டருக்குன்னே சின்ன யூபிஎஸ் வருது. வாங்குறதுக்கு முன்னாடி அடாப்டர்ல அச்சடிச்சிருக்குற வோல்ட்டேஜ பாருங்க, 12ன்னா 12, 9ன்னா 9, மாறவே கூடாது, ஆம்பியர் சமமாவோ அதிகமாவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியா இருந்தா அதுக்கும் சேத்துக் குடுக்கணும், ரூட்டர் மட்டும் எரிஞ்சு பிரயோஜனமில்ல.

டெஸ்க்டாப் யூபிஎஸ் கரண்ட் போன உடனே கத்திட்டு அணைஞ்சா பேட்டரி போச்சு, மூணு வருஷம் தாண்டிட்டா எதிர்பார்க்கலாம். லேசர் பிரிண்டர அதுல மாட்டியிருந்தா மொதல்ல கழட்டுங்க.

மெட்டல் பாடி லேப்டாப்ப சார்ஜ்ல இருக்கும்போது தொட்டா சுருசுருன்னு இருக்கா? ரெண்டு பின் அடாப்டர்ல இது சகஜம். மூணு பின் ஒயர் இருந்தா அதப் போடுங்க. அதுலயும் சுருசுருத்தா வீட்ல எர்த் சரியில்ல. ப்ளக்கு சூடாகுறது, கருகுற வாசனை, இதோட சேத்து எல்லாமே எலக்ட்ரீஷியன் வேலை, நீங்க தொடாதீங்க.

## லேப்டாப் திணறுது

ப்ரவுசர் டேப எண்ணுங்க. கட்டுரைக்குத் தேடித் தேடி அறுபது டேப் தெறந்திருக்கும், இணைப்ப எல்லாம் ஒரு ஃபைல்ல ஒட்டிட்டு மூடுங்க. டிஸ்க்ல 10, 15 சதவீதமாவது காலியா இருக்கட்டும். மெத்தை மேல வச்சு எழுதினா கீழ இருக்குற காத்துப் பாதை அடைச்சுக்கும், மேசைக்கு மாத்துங்க. ஃபேன் எப்பவும் எரையுதுன்னா தூசி, தொறந்து சுத்தம் பண்ணக் கடைல குடுங்க. பழைய ஹார்ட் டிஸ்க் இருக்குற மெஷின்னா அதவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாத்தினாலே புது மெஷின் மாதிரி ஆகும், அதுக்கும் மேலதான் புதுசு.

ஒண்ண மட்டும் நிதானமா படிங்க. என் லேப்டாப்புல ஒரு நாள் டச்பேட் க்ளிக் ஆகாம கெட்டியா நின்னுச்சு. தூசின்னு நெனச்சு ரெண்டு நாள் ஓட்டினேன். மூணாவது நாள் மேசை மேல வச்சா லேசா ஆடுது, நாலு மூலையும் மேசையில படல. மூடிப் பாத்தா ஸ்க்ரீனுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் இடைவெளி. உள்ள பேட்டரி உப்பி, டச்பேட கீழேருந்து தள்ளிட்டு இருந்துருக்கு. இந்த மூணுல எது தெரிஞ்சாலும் உடனே சார்ஜர கழட்டுங்க, ஆஃப் பண்ணுங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க, நேரா சர்வீஸ் சென்டர். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

## எழுதின ஃபைல காணோம்

பதறாதீங்க, ஸ்க்ரீன்ல அந்த ஃபைல் தொறந்திருக்குற விண்டோவ மூடாதீங்க. மொதல்ல கன்ட்ரோல் இசட். அடுத்து ரீசைக்கிள் பின். கூகுள் டாக்ஸ்னா வெர்ஷன் ஹிஸ்டரில போன வாரத்து வடிவம்கூட இருக்கும். வேர்டுன்னா திரும்பத் தொறக்கும்போது இடது பக்கம் மீட்ட ஃபைல் எதாவது காட்டுதான்னு பாருங்க, அது தானா சேமிக்கிற இடைவெளி 10 நிமிஷம்னு வச்சிருப்பாங்க, இன்னைக்கே அத 1 நிமிஷமாக்கிடுங்க.

க்ளவுட்ல ஏத்தியிருக்கேன், அதான் பேக்கப்புன்னு நிறைய பேர் நம்புறாங்க. இங்க அழிச்சா அங்கயும் அழியுற மாதிரி ஒத்திசைவுல இருந்தா அது பேக்கப்பே இல்ல. மூணு பிரதி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளிய, இதுதான் கணக்கு. வெளி டிஸ்க்ல வாரம் ஒருதரம் நகல் எடுத்தாலே பெரிய நிம்மதி.

டிஸ்க்லேருந்து டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே நிறுத்துங்க. ரிகவரி சாஃப்ட்வேர் எதையும் ஓட்டாதீங்க, ஓட ஓட மிச்சம் இருக்குறதும் கீறிப் போகும். டேட்டா மீட்குறவங்ககிட்டதான் போகணும், செலவாகும், அந்த ஃபைல் அதுக்கு ஈடான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

## தமிழ் எழுத்து உடைஞ்சு போகுது

கட்டம் கட்டமா தெரிஞ்சா ஃபாண்ட் இல்ல, எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீடான யூனிகோட்ல ஒரு தமிழ் ஃபாண்ட் போடுங்க. சம்பந்தமே இல்லாம ஆங்கில எழுத்தும் குறியும் தெரிஞ்சா அது பாமினி மாதிரி பழைய எழுத்துருல அடிச்சது, கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடாக்குங்க. லேஅவுட் பண்றவர் அனுப்புன பக்கத்துல கொம்பு இடம் மாறி நின்னா உங்க ஃபைல்ல தப்பில்ல, பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர்ங்கற செட்டிங்க ஆன் பண்ணச் சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியுற சொல்லு தேடினா மட்டும் கிடைக்கலன்னா, "கௌ"வ அடிக்கும்போது ஒத்தக் கொம்பு போட்ட "கெ"யோட "ள"வ ஒட்டி அடிச்சிருப்பீங்க. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற.

## சத்தம், நடுநடுவுல கூப்பிடுறது

கதவுக்குக் கீழ இருக்குற இடைவெளிய துணியால அடைங்க, சத்தம் அது வழியாத்தான் அதிகம் வருது. ரூம் எதிரொலிச்சா தடிமனான திரையும் தரைல விரிப்பும் போடுங்க. வீடியோ கால் பேசும்போது மைக் வாய்க்குக் கிட்ட இருந்தாலே பாதி சத்தம் போயிடும்.

வீட்டாளுங்க கூப்பிடுறதுக்கு "தொந்தரவு பண்ணாதீங்க"ன்னா வேலைக்காகாது, எத்தன மணிக்கு வெளிய வருவேன்னு சொல்லணும். நான் கதவுல ஒரு சீட்டுல நேரத்த எழுதி ஒட்டுறேன். "11.15க்கு வர்றேன்"னு இருந்தா குழந்தைகூட காத்திருக்கு, ஆனா 11.15க்கு நீங்க வந்துதான் ஆகணும், ரெண்டு தடவ ஏமாத்திட்டா அந்த சீட்டுக்கு மதிப்பு இல்ல.

## எல்லாம் சரியா இருக்கு, எழுத்து மட்டும் ஓடல

மொபைல பக்கத்து ரூம்ல வைங்க, கவுத்து வச்சா போதாது. அப்பயும் ஓடலன்னா அதே மேசைலதான் பில்லு, மெயில், படம் பாக்குறது எல்லாம் நடக்குதான்னு பாருங்க. தனி ரூம் இல்லாதவங்க நாற்காலிய மேசையோட எதிர்ப்பக்கம் மாத்திப் போட்டாலும் வித்தியாசம் தெரியும், நான் படிக்கட்டு இடுக்குல இருந்தப்போ அப்படித்தான் ஓட்டினேன். முந்தின நாள் எழுதி முடிக்கும்போது அடுத்த வாக்கியத்த பாதில விட்டுட்டு எந்திரிங்க, காலைல உக்காந்ததும் கை தானா அங்கேருந்து பிடிச்சுக்கும்.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எழுதி காலைல சோந்து கிடந்தா மேசை மேல பழி போடாதீங்க, அது தூக்கம். நிறுத்துற நேரத்துக்கும் ஒரு அலாரம் வைங்க.

தூக்கம் வரல, பசிக்கல, புடிச்ச வேலையே புடிக்கல, இது ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இருக்குன்னா மேசையத் திருப்பி வச்சு ஆகுற காரியம் இல்ல. கழுத்துக்கு டாக்டர்கிட்ட போற மாதிரியே இதுக்கும் போங்க. உயிரோட இருக்குறதே வேண்டாம்னு தோணினா ரெண்டு வாரக் கணக்கெல்லாம் பாக்காதீங்க, அந்த நிமிஷமே வீட்ல ஒருத்தர கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க, அவங்களையே கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.